முகம் அவருடையது, காக்கை உங்களுடையது

கேள்வி: கோவையில் தனியாக டிசைன் வேலை செய்கிறேன். ஒரு சுயாதீன இசைக்கலைஞரின் ஆல்பத்துக்கு டிஜிபேக் (மடிக்கும் காகித அட்டை சி.டி. உறை) அட்டையும் எட்டுப் பக்க புக்லெட்டும் செய்து கொடுத்தேன். அட்டையில் அவர் முகம், உள்ளே காக்கை, மின்கம்பம் என எல்லாமே கறுப்பு மையில் கையால் வரைந்தவை. வாட்ஸ்அப்பில் பேசியது 40,000 ரூபாய். பாதி வந்தது, மீதி வரவில்லை. என் பெயரையும் போடவில்லை. இப்போது அந்தக் காக்கையை டி-ஷர்ட்டில் அச்சடித்துக் கச்சேரிகளில் விற்கிறார். கேட்டால், "காசு கொடுத்து வரைஞ்சது, எல்லாம் என்னோடது. ஓபன் ஃபைலையும் அனுப்புங்க" என்கிறார் (திருத்தக்கூடிய மூலக் கோப்பைக் கேட்கிறார்). என்ன செய்யலாம்?

பதில்: அவர் சொல்வதில் பாதி சரி. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17-இன்படி வரைந்தவரே முதல் உரிமையாளர். ஆனால் அதிலேயே ஒரு விலக்கு உண்டு: ஒருவர் பணம் பேசி எடுக்கச் சொன்ன புகைப்படமோ, வரையச் சொன்ன ஓவியமோ உருவப்படமோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் சொன்னவருக்கே சொந்தம். அட்டையில் இருப்பது அவர் முகம், அதாவது உருவப்படம். அதற்கு நீங்கள் மல்லுக்கட்ட வேண்டாம். பாக்கி வைத்ததாலேயே அந்த உரிமை உங்களிடம் திரும்பியும் வராது.

காக்கை கதை வேறு. கலைப்படைப்பு என்னென்ன என்று சொல்லும் பிரிவு 2, வண்ண ஓவியத்தையும் கோட்டுச் சித்திரத்தையும் தனித்தனியாகக் குறிப்பிடுகிறது. பிரிவு 17-இன் விலக்கில் கோட்டுச் சித்திரம் இல்லை. ஆகவே மைக்கோட்டுக் காக்கை உங்களுடையது என்றே நான் வாதாடுவேன். "இதுவும் ஓவியம்தானே" என்று அவர் வக்கீல் கிளம்புவார். அதனால் ஒரிஜினல் தாளையும் பென்சில் ஸ்கெட்ச்சுகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உரிமையை மாற்றிக் கொடுக்க உங்கள் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும் என்கிறது பிரிவு 19. அப்படி எதுவும் இல்லை. ஆல்பத்தோடு அச்சிட நீங்கள் சம்மதித்தது உண்மை. டி-ஷர்ட் அந்தப் பேச்சிலேயே வரவில்லையே!

பெயர் விஷயத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. உரிமை கைமாறினாலும் "இதை வரைந்தது நான்" என்று கோரும் உரிமை பிரிவு 57-இன்படி படைத்தவரிடமே இருக்கும். அட்டை முகத்துக்கும் இது பொருந்தும். டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் சுவர்ச் சிற்பத்தைப் பெயர்த்துச் சேதப்படுத்தியதற்காக அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவை வைத்துத்தான் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அத்தனைக்கும் சிற்பம் அரசுக்குச் சொந்தமானது.

சரி, போலீஸுக்குப் போகலாமா? வேண்டாம். காக்கை யாருடையது என்பதே வாதத்தில் இருக்கும்போது "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவார்கள். 15 நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்: மீதி 20,000, டி-ஷர்ட் விற்பனைக் கணக்கு, அடுத்த அச்சில் உங்கள் பெயர். அசையாவிட்டால் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே பதிப்புரிமை வழக்குப் போட பிரிவு 62 இடம் தருகிறது. பாக்கிப் பணத்துக்குக் காலவரம்பு மூன்று ஆண்டுகள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், அந்த போனையும் மாற்றாதீர்கள். அதைச் சாட்சியமாக்க, பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும்.

ஓபன் ஃபைல்? பேச்சில் இல்லாததை நீங்கள் தர வேண்டியதில்லை. சமரசத்துக்கு வந்தால் தனி விலை சொல்லுங்கள், பழைய பாக்கி கைக்கு வந்த பிறகு.