பின்னால் நிற்பவளுக்கு என்ன எதிர்காலம்?

கேள்வி: என் மகள் படிவம் மூன்று. பள்ளிக் காற்பந்துக் குழுவில் தற்காப்பு ஆட்டக்காரி. கைதட்டெல்லாம் கோல் போடுகிற பிள்ளைகளுக்குத்தான். பின்னால் நிற்பவளுக்கு என்ன எதிர்காலம்? பெண்பிள்ளைக்குக் காற்பந்து சோறு போடுமா? எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வு வேறு வருகிறது. இப்போதே நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், செந்தூல்

பதில்: நிறுத்தாதீர்கள், அம்மா. ‘பின்னால் நிற்பவள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. வீட்டுப் பெரியவர்களிடம் 1980-ஐப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நம் மலேசியக் குழு தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. கோல் காவலர் ஆறுமுகம் என்பார்கள். அதே மூச்சில் சோ சின் ஆன், சந்தோக் சிங் என்பார்கள். இவர்கள் இருவரும் தற்காப்பு ஆட்டக்காரர்கள். அவர்களைப் பின்னால் நின்றவர்கள் என்று நம்மில் யாரும் சொன்னதில்லை. உங்கள் மகளை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

அமெரிக்கக் காற்பந்து வீராங்கனை நயோமி கிர்மாவைப் பற்றி மகளிடம் கேளுங்கள். எத்தியோப்பியாவிலிருந்து அமெரிக்கா போன பெற்றோரின் மகள். சான் ஹோசே நகரில் எத்தியோப்பியக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து பிள்ளைகளுக்காக நடத்திய ஒரு சின்னக் குழுவில்தான் பந்து உதைக்கத் தொடங்கினார். அதை நடத்தியவர்களில் அவர் அப்பாவும் ஒருவர். 2025 ஜனவரியில் அவரை வாங்க இங்கிலாந்துக் குழுவான செல்சி கொடுத்தது சுமார் 1.1 மில்லியன் அமெரிக்க டாலர். பெண்கள் காற்பந்தில் ஒருவருக்கான தொகை ஒரு மில்லியன் டாலரைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அந்த முதல் ஆள் கோல் போடுகிறவர் இல்லை, நடுத் தற்காப்பில் ஆடுகிறவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவரும்கூட.

சோறு போடுமா? நம் நாட்டில் இன்றைக்குப் பெண்கள் காற்பந்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கஷ்டம். அதை மறைக்கமாட்டேன். இங்கிலாந்தின் லூசி புரோன்ஸ்கூட ஆரம்ப காலத்தில் பீட்சா கடையில் வேலை பார்த்துக்கொண்டுதான் ஆடினார். அவரும் தற்காப்புதான். 2020-ல் ஃபிஃபாவின் சிறந்த வீராங்கனை விருது அவருக்குக் கிடைத்தது. ஆகவே எஸ்.பி.எம். அவசியம். தேர்வு நெருங்கும்போது பயிற்சியைக் குறைத்துக்கொள்ளலாம், சரி. காலணியைப் பிடுங்கி வைக்காதீர்கள்.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது அவள் முழங்காலைப் பற்றி. உள்ளே இருக்கும் தசைநார் கிழிகிற ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கிழிந்தால் திடலுக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும். கிர்மாவும் கல்லூரி நாட்களில் அந்தக் காயத்திலிருந்து மீண்டு வந்தவர்தான். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடியாமல் இறங்கச் சொல்லித் தருகிறீர்களா என்று பயிற்றுநரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அண்மையில் கம்போங் பாண்டான் பக்கம் ஒரு திடலில் பெண்பிள்ளைகள் ஆட்டம் பார்த்தேன். எதிரணிப் பிள்ளை பந்தோடு சீறி வந்தாள். தற்காப்பில் இருந்தவள் பாயவில்லை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, சின்னச் சின்ன அடியாகப் பின்வாங்கி, அவளைக் கோட்டோரமாகவே ஒதுக்கிக்கொண்டு போனாள். பந்து ஒரு முழம் காலைவிட்டு விலகியது. அவ்வளவுதான், கால் நீண்டது, பந்து வெளியே போனது. யாரும் கைதட்டவில்லை. கோல் காவலில் நின்ற பிள்ளை மட்டும் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

அடுத்த ஆட்டத்துக்கு நீங்களே போங்கள், அம்மா. முதல் பாதி முழுக்கப் பந்தைப் பார்க்காமல் உங்கள் மகளை மட்டும் பாருங்கள். யாரை எங்கே நிற்கச் சொல்லிக் கத்துகிறாள், எப்போது முன்னே வருகிறாள், எப்போது வராமல் இருக்கிறாள் என்று கவனியுங்கள். அப்புறம் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.