பி.பி. கிங்கின் இடது கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ராக், ப்ளூஸ் இசை பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். மூன்று வருடமாக எலெக்ட்ரிக் கிட்டார் கற்றுக்கொள்கிறேன். தினமும் இரண்டு மணி நேரம், தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியை வைத்துப் பயிற்சி செய்து வேகம் ஓரளவு வந்துவிட்டது. யூடியூபில் ‘தலைசிறந்த நூறு கிட்டாரிஸ்டுகள்’ மாதிரி எதைப் பார்த்தாலும் பெரும்பாலும் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்தான் முதலில் வருகிறார். ஏன்? அதைவிடப் பெரிய குழப்பம் பி.பி. கிங். அவர் வாசித்ததை என்னால் ஒரே நாளில் எடுத்துவிட முடிகிறது. ‘அவருக்குக் கார்டு (பல சுரங்களை ஒன்றாக மீட்டுவது) வாசிக்கவே வராது, அவரே சொல்லியிருக்கிறார்’ என்கிறான் என் பேண்ட் நண்பன். பிறகு ஏன் இத்தனை பேர் அவரை குரு என்கிறார்கள்? தாக்கம் செலுத்தியவர் என்றால் என்ன அளவுகோல்? உங்கள் பட்டியல் என்ன?

இன்னொன்று. ப்ளூஸ் டோன் வேண்டுமென்றால் தடித்த தந்திதான் போட வேண்டும் என்று சொன்னதால் 12ல் தொடங்கும் செட் (மிக மெல்லிய தந்தியே 0.012 அங்குலம்) போட்டிருக்கிறேன். விரல் நுனியெல்லாம் புண். இது சரிதானா?

ஆர்.,
கோவை

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான். பி.பி. கிங் அதை ஒளித்ததே இல்லை. 1988ல் வந்த யு2 குழுவின் ஆவணப்படத்தில், தனக்குக் கார்டு சரியாக வராது என்று அவரே அந்தக் குழுவின் பாடகர் போனோவிடம் சொல்வது பதிவாகியிருக்கிறது. பாடும்போது கிட்டார் வாசிக்க மாட்டார், வாசிக்கும்போது பாட மாட்டார். இதையெல்லாம் குறை என்று எடுத்துக்கொண்டால் அங்கேயே பேச்சு முடிந்துவிடும். ஆனால் அவருக்கு வராமல் போன இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

1925ல் மிசிசிப்பியில் பிறந்தவர், பருத்திக் காட்டில் வேலை செய்தவர். 1946ல் மெம்பிஸுக்குப் போய் உறவினர் புக்கா வைட் வீட்டில் தங்கினார். புக்கா வைட் ஸ்லைடு வாசிப்பதில் கெட்டிக்காரர். விரலில் ஒரு உலோகக் குழாயை மாட்டிக்கொண்டு தந்தி மேல் வழுக்குவதுதான் ஸ்லைடு, உங்களுக்குத் தெரியும். ஃபிரெட் என்ற தடுப்பே இல்லாத மாதிரி, மனிதர் அழுகிற மாதிரி ஒரு ஓசை வரும். அந்த ஓசை மேல் பி.பி.க்குத் தீராத ஆசை, ஆனால் எவ்வளவு முயன்றும் கை ஒத்துழைக்கவில்லை. சரி, குழாய் இல்லாமல் வெறும் விரலாலேயே அதைக் கொண்டுவர முடியுமா என்று பார்க்க ஆரம்பித்தார். தந்தியை அழுத்தி, அதே இடத்தில் விரலை நடுக்கினார். அந்த நடுக்கம்தான் பிறகு உலகம் முழுக்கப் போனது.

அவருடைய காணொளி ஒன்றை எடுத்து, ஒலியை நிறுத்திவிட்டு இடது கையை மட்டும் பாருங்கள். ஆள்காட்டி விரல் நுனி தந்தியைப் பிடித்திருக்கும். பெருவிரல் கிட்டாரின் கழுத்தை விட்டு விலகியிருக்கும். மற்ற விரல்கள் விரிந்து, மொத்தக் கையும் அந்த ஒரு நுனியை அச்சாக வைத்து மணிக்கட்டிலிருந்து படபடவென்று ஆடும். பட்டாம்பூச்சி என்று கிட்டார் வாசிப்பவர்கள் சொல்வது இதைத்தான். நம் ஊர்க் காதுக்குச் சொல்வதென்றால் கமகம் இல்லாமல் ஸ்வரம் மொட்டையாக நிற்கிற மாதிரிதான் இந்த நடுக்கம் இல்லாத ப்ளூஸும். எரிக் கிளாப்டன், பீட்டர் கிரீன், ஸ்டீவி ரே வான் என்று யாரை எடுத்தாலும் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும் இடத்தில் இவர் கை தெரியும். இன்று ஏதோ ஒரு ஊரில் ஒரு பையன் கிட்டாரை வாங்கி வந்து முதல் தடவை ஒரு சுரத்தை நடுக்கும்போது, யாருடையதைச் செய்கிறோம் என்றே தெரியாமல் பி.பி. கிங்கைத்தான் செய்கிறான்.

‘ஒரே நாளில் எடுத்துவிட முடிகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தந்தி, எந்த ஃபிரெட் என்று எடுத்திருப்பீர்கள், நம்புகிறேன். இதைச் செய்து பாருங்கள். இரண்டாவது தந்தியில் பத்தாவது ஃபிரெட்டை மீட்டுங்கள், ஏ (A) என்ற சுரம் வரும். அதைக் காதில் வைத்துக்கொண்டு அதே தந்தியில் எட்டாவது ஃபிரெட்டுக்கு வந்து, தந்தியை மேலே தள்ளித் தள்ளி அந்த ஏயைப் பிடியுங்கள். கொஞ்சம் குறைந்தால் அழுக்காகக் கேட்கும், கூடினால் கிறீச்சிடும். சரியாகப் போய் நின்றபின் அங்கேயே நடுக்க வேண்டும், நடுக்கும்போதும் சுரம் கீழே சரியக் கூடாது. இதைப் பத்து தடவை போனில் பதிவு செய்து கேளுங்கள். பத்தில் எத்தனை ஏ என்று உங்கள் காதே சொல்லிவிடும். நான் பதினைந்து வருடமாகச் செய்கிறேன், இன்னும் பத்துக்குப் பத்து வந்ததில்லை.

இனி அளவுகோல். கிட்டாருக்குப் பழக்கமில்லாத ஒன்றை அதில் பேச வைக்க ஒருவர் மல்லுக்கட்டியிருக்க வேண்டும், அவருக்குப் பிறகு வந்தவர்கள் ‘கிட்டார் என்றாலே இப்படித்தானே ஒலிக்கும்’ என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நான் தாக்கம் என்று சொல்வது இதை. இப்படிப் பார்த்தால் பட்டியலில் பின்னால் கிடப்பவர்கள் பலர் முன்னால் வந்துவிடுகிறார்கள்.

ராபர்ட் ஜான்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1936லும் 1937லும் டெக்சாஸில் வைத்து 29 பாட்டுகள் பதிவு செய்தார், 1938ல் 27 வயதில் செத்துப்போனார். நாற்சந்தியில் பிசாசிடம் ஆன்மாவை விற்றுத்தான் வித்தை வாங்கினார் என்ற கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதை பிடிப்பதில்லை, ஒரு மனிதன் ராப்பகலாக உட்கார்ந்து பழகியதை அது திருடிக்கொள்கிறது. அவர் செய்தது, அந்தக் காலத்து பியானோக்காரர்கள் இடது கையில் உருட்டும் பேஸ் (கீழ்ச்சுர) ஓட்டத்தைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தது. கீழ்த்தந்தியில் பெருவிரல் ஓட, மேலே மற்ற விரல்கள் வேறு ஒன்று சொல்லும், நடுவில் பாட்டு. அந்த இசைத்தட்டை முதல் தடவை கேட்ட ரோலிங் ஸ்டோன்ஸ் கிட்டாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸ், கூட வாசிக்கும் இன்னொரு ஆள் யார் என்று கேட்டாராம். அந்தப் பாட்டுகள் எல்.பி. தட்டாகத் தொகுத்து வந்ததே 1961ல்தான், அவர் இறந்து 23 வருடம் கழித்து. இங்கிலாந்தில் வளர்ந்துகொண்டிருந்த ஒரு தலைமுறைப் பையன்களுக்கு அதுதான் பாடப்புத்தகம்.

சக் பெரியிடமும் பியானோ இருக்கிறது, கூட வாசித்த பியானோக்காரர் ஜானி ஜான்சன் வழியாக. 1958ல் வந்த ‘ஜானி பி. கூட்’ பாட்டின் தொடக்கத்தை நீங்களும் வாசித்திருப்பீர்கள், அது தெரியாமல் யாரும் ராக் பேண்டில் நிற்க முடியாது. 1977ல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டில்கூட அந்தப் பாட்டு இருக்கிறது. அப்புறம் ஒருநாள் லூயி ஜோர்டான் 1946ல் வெளியிட்ட ‘எய்ன்ட் தட் ஜஸ்ட் லைக் எ வுமன்’ என்ற பாட்டைப் போட்டுக் கேளுங்கள். முதல் சில விநாடிகளிலேயே நிமிர்ந்து உட்காருவீர்கள், கிட்டத்தட்ட அப்படியே அதே தொடக்கம். வாசித்தவர் பெயர் கார்ல் ஹோகன். சக் பெரி இதை மறைக்கவில்லை, அவரிடமிருந்து எடுத்தேன் என்றே சொன்னார். ஆனால் கார்ல் ஹோகன் பெயரை எந்த நூறு பேர் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. கோடிக்கணக்கான கைகள் அவருடைய சில விநாடிகளை வாசித்துக்கொண்டிருக்கின்றன, எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனத்துவிடும்.

சிஸ்டர் ரொசெட்டா தார்ப் விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. அர்கன்சாவில் 1915ல் பிறந்து, அம்மாவோடு தேவாலயம் தேவாலயமாகப் போய்ப் பாடி வளர்ந்தவர். அந்தப் பாட்டைக் கிளப்புக்குக் கொண்டுபோனார், எலெக்ட்ரிக் கிட்டாரில் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) உறுமுகிற அளவுக்கு வைத்து வாசித்தார். 1944ல் அவர் பதிவு செய்த ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ்’ பாட்டைக் கேட்டால், பத்து வருடம் கழித்து ராக் அண்ட் ரோல் என்று பெயர் வைத்ததெல்லாம் ஏற்கெனவே அங்கே இருக்கும். 1964 மே மாதம் மான்செஸ்டரில், பயன்பாட்டில் இல்லாத ஒரு ரயில் நிலையத்தில் தொலைக்காட்சிக்காக ஒரு நிகழ்ச்சி எடுத்தார்கள். ஒரு நடைமேடையில் இசைக் கலைஞர்கள், எதிர் நடைமேடையில் இங்கிலாந்துப் பிள்ளைகள், நடுவில் தண்டவாளம். மழை. குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார், நல்ல கோட், கழுத்தில் வெள்ளை கிப்சன் கிட்டாரை மாட்டுகிறார், நோவா காலத்து மழை பற்றிய பாட்டை எடுக்கிறார். நடுவில் ஒரு சோலோ வரும், ஐம்பது வயதை நெருங்கும் அந்தப் பெண்மணி கையை வீசி வாசிக்கிற அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறேன். 1973ல் பிலடெல்பியாவில் இறந்தார். கல்லறையில் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லாமல் முப்பது வருடத்துக்கு மேல் கிடந்தார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2018ல். உங்கள் யூடியூப் பட்டியலில் அவர் இல்லையென்றால் அந்தப் பட்டியலை மூடிவிடுங்கள்.

ஹெண்ட்ரிக்ஸுக்கு வருகிறேன். அவரை முதலில் வைப்பதில் எனக்குச் சண்டை இல்லை. லிட்டில் ரிச்சர்ட், ஐஸ்லி பிரதர்ஸ் மாதிரி ஆட்களுக்குப் பின்னால் நின்று வாசித்துத் தேய்ந்த கை அது. 1966 செப்டம்பரில் லண்டன் போனார், 1970 செப்டம்பரில் இறந்துவிட்டார். நான்கே வருடம். ஆம்ப் ஒலியைக் கூட்டி வைத்து அதன் முன்னால் கிட்டாரோடு நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்: ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி தந்தியை அதிர வைக்கும், கிட்டாரில் தந்தியதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப் அதை எடுத்துத் திரும்ப ஆம்புக்கே அனுப்பும், அது சுற்றிச் சுற்றி ஊளையாகிவிடும். நாம் பதறிப்போய் ஒலியைக் குறைப்போம். அவருக்கு முன்பே சிலர் அந்த ஊளையைத் தொட்டுப் பார்த்தார்கள். இவர் அதைச் சுரமாகவே வைத்து வாசித்தார். எங்கே நின்றால் எந்தச் சுரம் எழும், உடம்பை எவ்வளவு திருப்பினால் மாறும், தந்திகளைத் தளர்த்தும் டிரெமோலோ கம்பியால் அதை எவ்வளவு தூரம் கீழே இறக்கலாம் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசைவிழாவில் திங்கள்கிழமை காலை, கூட்டத்தில் பெரும்பகுதி கலைந்து போனபின் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தாரே, அதில் குண்டு பற்றிய வரி வரும் இடத்தில் குண்டே விழும். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம், வாசித்தவர் ராணுவத்தில் பாராசூட் வீரராக இருந்தவர். வார்த்தை ஒன்றுகூட இல்லை. வேகத்தை வைத்து இதை எப்படி அளப்பீர்கள்?

பட்டியல் கேட்டிருக்கிறீர்கள், வரிசை எண் போட்டுத் தர எனக்கு மனமில்லை. மேலே சொன்னவர்களோடு 1947ல் ‘ஸ்டார்மி மண்டே’ தந்த டி-போன் வாக்கரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதைக் கேட்ட பிறகுதான் பி.பி.க்கு எலெக்ட்ரிக் கிட்டார் வேண்டும் என்றே தோன்றியது. மிசிசிப்பி ப்ளூஸைச் சிகாகோவின் சத்தத்துக்கு ஈடு கொடுக்க ஆம்பில் ஏற்றிய மடி வாட்டர்ஸ். கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துத் தந்தியைக் கீழ்நோக்கி இழுத்த ஆல்பர்ட் கிங். பின்னாளில் விரலால் மட்டும் வாசித்துக் கிட்டாரைப் பாட வைத்த ஜெஃப் பெக். வேகத்துக்கு ஒருவர் வேண்டுமென்றால் எடி வான் ஹேலன், 1978ல் வந்த ‘இரப்ஷன்’ என்ற அந்த ஒன்றே முக்கால் நிமிடத்துக்குப் பிறகு இரண்டு கையையும் கிட்டாரின் கழுத்தில் வைக்காத ராக் கிட்டாரிஸ்டே இல்லை என்றாகிவிட்டது.

கடைசியாக உங்கள் விரல் புண். பிளாக் சபாத் குழுவின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 17 வயது, வேலையை விட்டு நிற்கும் கடைசி நாள், இயந்திரம் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை எடுத்துவிட்டது. இடது கைக்காரர், அதனால் தந்தியை அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்முனைக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டினார். கனமான தந்தியை அந்தத் தொப்பியால் அழுத்த முடியவில்லை, அதனால் பாஞ்சோவின் மெல்லிய தந்திகளை வாங்கிப் போட்டார். 1971 வாக்கில் கிட்டாரை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கிச் சுருதி சேர்த்துத் தந்தியை இன்னும் தளர்த்தினார். பிளாக் சபாத்தின் அந்தப் பாறை மாதிரியான கனம் இந்த மெல்லிய, தளர்ந்த தந்திகளிலிருந்து வந்ததுதான்.

ஸீஸீ டாப் (ZZ Top) குழுவின் கிட்டாரிஸ்ட் பில்லி கிப்பன்ஸும் ஒன்று சொல்வார். இளவயதில் பி.பி. கிங்கைச் சந்தித்தபோது, இவருடைய கிட்டாரை வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த பி.பி., ‘ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறாய்?’ என்று கேட்டாராம். இவர் போட்டிருந்தது தடித்த தந்தி. அன்றிலிருந்து மெல்லியதற்கு மாறியவர், போகப் போக 7ல் தொடங்கும் செட்டுக்கே வந்துவிட்டார்.

ஆகவே ஆர்., அந்த 12ஐக் கழற்றிவிட்டு 9 அல்லது 10 போட்டுக்கொள்ளுங்கள். புண் ஆறும்வரை வாசிக்காமல், 1964 நவம்பரில் சிகாகோ ரீகல் அரங்கில் பதிவான பி.பி. கிங்கின் நேரடிக் கச்சேரியைக் கேளுங்கள். ஒரு வரி பாடி நிறுத்தி, அடுத்த வரியைக் கிட்டாரிடம் விடுவார், கூட்டம் அலறும். ஆறியதும் எட்டாவது ஃபிரெட்டுக்கு வாருங்கள். பத்தில் எத்தனை வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.