கொல்கத்தாவின் மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் கால்பந்து ஆட்டத்துக்கு முன்னால் ரசிகர்கள் சொல்லும் 'இவன்தான் அடிப்பான்' கணிப்புகள் பலிக்குமா? யாரைக் கவனிக்க வேண்டும்?

பாதி பலிக்கும். எந்தப் பாதி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சொந்த அணியில் யார் கலக்குவான் என்று ஒரு ரசிகர் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எதிரணியில் யாரை நினைத்தால் அவருக்கு வயிற்றைக் கலக்குகிறது என்று கேட்டு வாங்கிக்கொள்வேன். மறுநாள் பேப்பரில் வருவது பெரும்பாலும் அந்தப் பெயர்தான்.

வேலை நிமித்தமாகச் சில வருடங்கள் கொல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தேன். வீட்டுக்காரர் குடும்பம் பரிசாலிலிருந்து வந்தது, அதாவது கிழக்கு வங்கத்து 'பாங்கால்'. எதிர்வீட்டுக்காரர் மேற்கு வங்க மண்ணின் 'கோட்டி'. முதலாமவர் ஈஸ்ட் பெங்காலின் சிவப்பும் பொன்மஞ்சளும், இரண்டாமவர் மோகன் பகானின் பச்சையும் மெரூனும். இது தெரிந்துவிட்டால் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரி. மோகன் பகான் 1889-இல் பிறந்த கிளப், ஈஸ்ட் பெங்கால் 1920-இல். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா, மோகன் பகான் ஜெயித்தால் இறால். மீன்காரருக்கு இரண்டு பக்கமும் லாபம்.

'பொரோ மேட்ச்', அதாவது இந்தப் பெரிய ஆட்டம், நெருங்கும் வாரத்தில் டீக்கடையில் நின்றால் பெயர்கள் மழையாகக் கொட்டும். முக்கால்வாசிப் பெயர்கள் ஸ்ட்ரைக்கர்களுடையவை, அதிலும் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர்கள். போன ஆட்டத்தில் கோல் அடித்தவன் பெயர் கட்டாயம் இருக்கும். லெஃப்ட் பேக் பெயரை ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. கோல்கீப்பரைத் திட்டுவதற்கு மட்டும் நினைவு வைத்திருப்பார்கள்.

பெரியவர்கள் இருந்தால் பேச்சு உடனே பின்னால் போய்விடும். 1975 ஐஎஃப்ஏ ஷீல்டு கோப்பை இறுதியில் ஈஸ்ட் பெங்கால் அடித்த 5-0 ஒரு பக்கம். அதற்குப் பதிலாக 1976 லீக் ஆட்டம் இன்னொரு பக்கம்: ஆட்டம் தொடங்கி 17-ஆவது விநாடியில் மோகன் பகானின் முகமது அக்பர் தலையால் முட்டி அடித்த கோல். அந்த கிராஸைப் போட்டுக் கொடுத்தவர் பெயர் உலகநாதன். டீக்கடையில் அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது உண்மை. ஆனால் அக்பரைச் சொல்கிற பத்துப் பேரில் உலகநாதனைச் சொல்வது ஒருவர்தான். கணிப்பிலும் அதே கதைதான். பந்தை வலைக்குள் போடுபவனைத் தேடுவார்கள், அதைக் கொண்டுவந்து கொடுப்பவனைத் தேட மாட்டார்கள்.

பயத்தைக் கேட்க வேண்டும் என்றேன் இல்லையா, அதற்கு இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே சிறந்த சாட்சி 1997 ஜூலை 13. ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, சால்ட் லேக் மைதானம், கணக்கில் வந்த கூட்டம் 1,31,781 பேர். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா 'டைமண்ட்' ஆட்ட அமைப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்து எதிரணிகளை வாரிச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஊர் முழுக்க அதே பேச்சு. ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் அவர் ஈஸ்ட் பெங்கால்காரர்களைப் பட்டப்பெயர் வைத்துக் கிண்டலடித்தார். பாய்ச்சுங் பூட்டியாவை 'சுங் சுங்' என்றார், ஓமோலோவை 'ஆம்லெட்' என்றார். எதிர்ப்பக்கம் இருந்த பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி, வாயாலேயே ஆளுக்கு உயிர் கொடுப்பவர் என்று பெயர் எடுத்தவர். 'வோக்கல் டானிக்' என்றே அதற்குப் பெயர். அந்த வாரம் டானிக்கை எதிராளியே காய்ச்சிக் கொடுத்துவிட்டார்.

முடிவு தெரிந்ததுதான். ஈஸ்ட் பெங்கால் 4, மோகன் பகான் 1. பாய்ச்சுங் ஹாட்ரிக். நான் இதை இப்படிப் பார்க்கிறேன்: அமல் தத்தா அசட்டு ஆள் இல்லை, கால்பந்தைக் கரைத்துக் குடித்தவர். கிண்டல் செய்ய அவர் பொறுக்கியெடுத்த பெயர்களிலேயே அவருடைய கவலை தெரிந்துவிட்டது. பயமில்லாத ஆளை எவரும் மெனக்கெட்டுக் கிண்டல் செய்வதில்லை. அன்று டீக்கடையில் உட்கார்ந்து, "கோச் யாரைத் திட்டுகிறார்?" என்று மட்டும் கேட்டிருந்தால் போதும், கணிப்பு கைக்கு வந்திருக்கும்.

2009 அக்டோபர் 25-ஐச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ-லீக்கில் மோகன் பகான் 5-3 என்று ஜெயித்த ஆட்டம், நைஜீரியாவின் எடே சிடி நான்கு கோல். பிற்காலத்தில் அவர் ஈஸ்ட் பெங்காலுக்கே ஆடப் போனார். அப்போது பயப்படும் முறை இந்த வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்கு மாறியது.

பயத்தைக் கேட்கும் இந்த வழி சுத்தமாகப் படுத்துவிட்ட ஆட்டமும் உண்டு. 2022 ஜனவரி 29. கொரோனா காலம் என்பதால் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) முழுவதும் கோவாவில், ஃபடோர்டா மைதானத்தில் வெறும் நாற்காலிகளுக்கு முன்னால் ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் டாரன் சிடோயல் மூலம் முன்னிலை பெற்றது. அறுபது நிமிடம் தாண்டியதும் மோகன் பகான் ஒரு பையனை இறக்கியது, கியான் நசிரி, வயது 21. வந்த சில நிமிடங்களில் சமன் செய்தான். நடுவில் டேவிட் வில்லியம்ஸ் ஒரு பெனால்டியை வீணடித்தார். காயத்துக்காகச் சேர்த்த நிமிடங்களில் கியான் இன்னும் இரண்டு அடித்து 3-1 ஆக்கினான். எந்த ஈஸ்ட் பெங்கால் ரசிகரும் அவனை நினைத்துப் பயந்திருக்க வாய்ப்பில்லை, பெயரே பலருக்குத் தெரியாது. ஆனால் அப்பா பெயர் நன்றாகத் தெரியும். ஜம்ஷித் நசிரி, ஈரானிலிருந்து வந்து 1980-இல் ஈஸ்ட் பெங்கால் ஜெர்சியில் கோலாக அடித்தவர். எங்கள் வீட்டுக்காரருக்கு அந்த இரவில் தோற்றதைவிட, ஜம்ஷித் மகன் கையால் தோற்றதுதான் தாங்கவில்லை.

கியானிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். பதினொருவர் பட்டியலுக்குக் கீழே இருக்கும் மாற்று ஆட்டக்காரர்கள் பட்டியலை நிதானமாகப் படிக்க வேண்டும். கொல்கத்தாவில் டூரண்ட் கோப்பை நடப்பது ஆகஸ்ட் புழுக்கத்தில். அறுபதாவது நிமிடத்துக்குமேல் ஓரத்தைக் காக்கும் ஃபுல்பேக்குகளின் கால் கனத்துப்போகும். அப்போது புதுக்காலோடு உள்ளே வருபவன் சுமாரான ஆட்டக்காரனாக இருந்தாலும் பெரிய ஆட்டக்காரனாகத் தெரிவான்.

இப்போது நம்மூர்ப் பையனுக்கு வருகிறேன். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே பாதி அவனுக்காகத்தான்.

2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை. ஈஸ்ட் பெங்கால் அதுவரை தொடர்ந்து எட்டு டெர்பி, அதாவது இந்த ஒரே ஊர் அணிகளின் ஆட்டம், தோற்றிருந்தது. கடைசியாக ஜெயித்தது 2019 ஜனவரியில். மோகன் பகான் அந்தக் கோடையில் பெட்டி பெட்டியாகப் பணம் இறக்கியிருந்தது: உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய ஜேசன் கம்மிங்ஸ், அனிருத் தாபா, சஹல் அப்துல் சமத். போதாததற்கு டிமித்ரி பெட்ராடோஸ் ஏற்கெனவே இருந்தார். டீக்கடையில் 'யார் அடிப்பார்' என்ற கேள்வியே எழவில்லை, 'எத்தனை அடிப்பார்கள்' என்றுதான் பேச்சு. ஈஸ்ட் பெங்கால்காரர்கள் அன்று சொன்னதெல்லாம் புதுப் பயிற்சியாளர் கார்லெஸ் குவாட்ராட் பெயர் மட்டும். ஒடிசா எஃப்சி அணியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த சென்னைப் பையன் நந்தகுமார் சேகரை யார் கண்டுகொண்டார்கள்?

அறுபதாவது நிமிடம். வலது ஓரத்தில் பந்து நந்தாவிடம் வந்தது. உள்ளே வெட்டினான், இடது காலால் தூர போஸ்ட் பக்கம் வளைத்துப் போட்டான். மோகன் பகான் கோல்கீப்பர் விஷால் கைத் பாய்ந்தும் எட்டவில்லை. ஒரே கோல், 1-0. நாலரை வருடப் பாரம் இறங்கியது. அன்றைக்கு நான் கொல்கத்தாவை விட்டு வந்து வெகுநாள் ஆகிவிட்டது. வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டு, "உங்க ஊர்ப் பையன், உங்க ஊர்ப் பையன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஹலோகூடச் சொல்லவில்லை.

அதே கோப்பையின் அரையிறுதியில் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டுக்கு எதிராகக் கடைசி மூச்சில் நந்தா சமன் செய்தான், பெனால்டியில் ஈஸ்ட் பெங்கால் தப்பியது. ஆக செப்டம்பர் 3 இறுதிக்கு மீண்டும் இதே இரு அணிகள். இந்தமுறை மோகன் பகான்காரர்கள் பயந்து சொன்ன பெயர் நந்தா. ஈஸ்ட் பெங்கால்காரர்கள் பயந்து சொன்ன பெயர் பெட்ராடோஸ். ஆட்டத்தில் அனிருத் தாபா சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, மோகன் பகான் பத்துப் பேராகிவிட்டது. சிவப்பு-மஞ்சள் கேலரியில் கொண்டாட்டம். அடுத்த பத்து நிமிடத்துக்குள், 71-இல், பெட்ராடோஸ் தனியாகப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, பாக்ஸுக்கு வெளியிலிருந்தே அடித்தார். 1-0, கோப்பை மோகன் பகானுக்கு. பயம் ஒரு பக்கம் பலித்தது, மறுபக்கம் பலிக்கவில்லை. நந்தாவைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள். அதுவும் பயத்தின் வேலைதானே. எல்லோரும் பயப்படும் ஆளை எதிரணிப் பயிற்சியாளரும் பயந்து கட்டிப்போட்டுவிடுவார். பெட்ராடோஸ் மாதிரி கட்டினாலும் அறுத்துக்கொண்டு ஓடுபவர்கள் கொஞ்சப் பேர்தான்.

ரசிகர்கள் அடிக்கடி கோட்டைவிடுவது காலண்டரை. 2024 ஜனவரி 19, புவனேஸ்வரில் சூப்பர் கோப்பை. அந்த நேரத்தில் கத்தாரில் ஆசியக் கோப்பை, மோகன் பகானின் முக்கியமான இந்திய ஆட்டக்காரர்களில் ஒரு படையே தேசிய அணியோடு போய்விட்டது. ஈஸ்ட் பெங்காலுக்கு இழப்பு குறைவு. ஆனால் கிளப் பெயரைப் பார்த்துக் கணித்தவர்கள் வழக்கம்போல மோகன் பகான் என்றார்கள். ஈஸ்ட் பெங்கால் 3-1. க்ளெய்ட்டன் சில்வா இரண்டு, நந்தா ஒன்று. யார் ஆடுகிறார்கள் என்பதைவிட யார் ஊரில் இல்லை என்பது அன்று ஆட்டத்தை முடித்தது.

2025 ஆகஸ்ட் 17 டூரண்ட் காலிறுதி இன்னொரு தினுசு. ஈஸ்ட் பெங்காலின் புது மொராக்கோ ஸ்ட்ரைக்கர் ஹமித் அஹதாத் மீதுதான் எல்லோருக்கும் கண். அவர் முதல் பாதியிலேயே காயத்தில் வெளியேற, வந்தவர் டிமித்ரியோஸ் டயமன்டகோஸ். கேரளா பிளாஸ்டர்ஸில் தங்கக் காலணி வாங்கியவர், ஆனால் ஈஸ்ட் பெங்காலில் முந்தைய சீசன் சப்பென்று போயிருந்தது, ரசிகர்கள் கைகழுவிவிட்டார்கள். அவர் இரண்டு அடித்தார், 2-1. கைகழுவப்பட்ட நல்ல ஸ்ட்ரைக்கர் பெஞ்சில் இருந்தால் நான் அந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்வேன்.

வெளிப்படையான பெயரே பலிக்கும் நாட்களும் இருக்கின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலிய ஸ்ட்ரைக்கர் ஜேமி மெக்லாரன் மோகன் பகானுக்கு வந்தபோது ஊரே அவர் டெர்பியில் அடிப்பார் என்றது. 2024 அக்டோபரில் அடித்தார். 2025 ஜனவரியில் குவாஹாட்டியில் நடந்த ஆட்டத்தில் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள், இரண்டாவது நிமிடத்திலேயே அடித்தார். அந்த இரண்டுக்கும் முன்னால், அதே 2024 ஆகஸ்டில் ஒரு டெர்பி நடக்கவே இல்லை. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டதற்கு எதிரான போராட்டங்களுக்கு நடுவே பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்து செய்தார்கள். இரண்டு கிளப் ரசிகர்களும் மைதானத்துக்கு வெளியே ஒன்றாக நின்று நீதி கேட்டார்கள். அந்த வாரம் யாரும் யார் பெயரையும் கணிக்கவில்லை.

சரி, யாரைக் கவனிப்பது? நான் முதலில் பார்ப்பது, ஓரத்தில் தாக்கி ஆடும் விங்கருக்கு எதிரே நிற்கப்போகும் ஃபுல்பேக்கை. அவன் இளசா, காயத்திலிருந்து திரும்பியவனா, இடம் மாற்றி ஆடுபவனா என்று பார்த்தால் எதிரே ஆடும் விங்கரின் மதிப்பு தானாகத் தெரிந்துவிடும். நடுக்களத்தில் சீக்கிரம் மஞ்சள் அட்டை வாங்குகிற சுபாவம் யாருக்கு என்பது அடுத்தது. கோல்கீப்பரையும் சேருங்கள். பெனால்டி வரைக்கும் போகக்கூடிய நாக்-அவுட் ஆட்டமென்றால் விஷால் கைத் போன்றவர் இருப்பது ஒரு ஸ்ட்ரைக்கருக்குச் சமம்.

பெயர் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை: நேரடியாகக் கேட்டால் சொல்லமாட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் பயப்படும் பெயரை வாயால் சொன்னால் பலித்துவிடும் என்று நம்புபவர், ஜெர்சி எண்ணை மட்டும் சொல்வார். எதிர்வீட்டுக்காரர் அவ்வளவுகூடச் சொல்லமாட்டார். அவரிடம் "இந்த ஆள் சுமார்தானே?" என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பாருங்கள். எந்தப் பெயருக்கு "ஆமாம், சுமார்தான்" என்று அவசர அவசரமாகப் பதில் வருகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பந்தயம் ஒரு டீயோடு நிற்கட்டும்.