தையல் சிவக்கிறது, திங்கள்வரை பொறுக்கலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அம்மாவுக்கு 61 வயது, சீனி வருத்தமும் உண்டு. வயிற்றை வெட்டிக் கர்ப்பப்பையை எடுத்து இன்று ஆறாம் நாள். நேற்றிலிருந்து காய்ச்சல். பனடோல் கொடுத்தால் விடுகிறது, பிறகும் வருகிறது. தையலின் ஒரு முனை சிவந்திருக்கிறது. திங்கட்கிழமை கிளினிக். அதுவரை பொறுக்கலாமா?"

பொறுக்க வேண்டாம். சத்திரசிகிச்சை செய்த வார்ட்டுக்கு இன்றே போங்கள். டயக்னோசிஸ் கார்டையும் குடிக்கும் மருந்துகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

காய்ச்சல் எவ்வளவு என்பதைவிட எத்தனையாம் நாள் வந்தது என்றுதான் நான் முதலில் கேட்பேன். முதல் இரண்டு நாள் உடம்பு மெல்லச் சுடுவது பெரும்பாலும் வெட்டுப்பட்டதன் விளைவு, தானாக அடங்கும். ஐந்தாம் நாளிலோ அதற்குப் பிறகோ புதிதாக வந்தால் காயத்திலோ சலத்திலோ நெஞ்சிலோ கிருமி இருக்கிறதா என்று தேடவேண்டும். கொழும்பில் இருக்கிறோம், டெங்குவையும் மறக்கக்கூடாது. இரத்தம் சோதிக்கும்வரை வீட்டில் கிடக்கும் டைக்ளோபெனக் என்ற நோ மருந்தைத் தொடாதீர்கள்; டெங்குவென்றால் அது இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும்.

புறப்படுமுன் ஒரு வேலை. சிவப்பு முடியும் ஓரத்தில், காயத்தில் படாமல், பேனாவால் கோடு போடுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் டொக்டருக்கு நீங்கள் விளக்கவே தேவையில்லை. பனடோல் காய்ச்சலை மறைத்துவிடும்; கொடுக்கமுன் அளந்து நேரத்தோடு குறித்துவையுங்கள். குளுக்கோமீட்டர் இருந்தால் சீனியையும் பாருங்கள். கிருமி பிடித்தால் அது ஏறுவது வழக்கம்.

தடித்து மணக்கும் கசிவு சீழ் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காமல் விடுவது, உடுப்பு நனையுமளவுக்குத் திடீரென வரும் மணமில்லாத இளஞ்சிவப்புத் தண்ணீர். உள்தையல் விடுகிறது என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். சுத்தமான துணியால் மூடி, படுக்கவைத்து, 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அடியுங்கள். காசு கேட்கமாட்டார்கள். வயிறு ஊதி, காற்றும் பிரியாமல் சத்தி எடுத்தாலும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால் எண்ணெய் போட்டு உருவாதீர்கள். உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். திடீரென மூச்சு முட்டினால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம், அதற்கும் 1990தான். வீட்டுக்கு வந்து சில வாரங்கள் கழித்தும் இது நடக்கும்.

கிரந்தி, காயம் ஆறவிடாது என்று முட்டையையும் மீனையும் நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எங்கள் வீட்டிலும் அதே கதைதான். முன்பு ஒத்துக்கொண்ட சாப்பாடென்றால், டொக்டர் மறிக்காதவரை கொடுங்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும்.