எதிரே காலி இடம், மாடியில் மலை தெரிகிறது. இதற்காக மனைக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் அந்தக் காலி இடம் யாருடையது என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். நான் பார்க்கவில்லை.

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் மனை வாங்க எங்களை இழுத்தது யானைமலைதான். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறை, யானை படுத்திருக்கிற மாதிரி. விடியும்போது உச்சியில் முதல் வெளிச்சம் விழும், அப்புறம் மெல்லக் கீழே இறங்கும். வடாம் பிழிய மாடிக்கு வரும் அம்மா, பிழிந்து முடித்த பிறகும் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

எதிரே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய இடம். "அது எப்பவும் காலியாத்தான் சார் இருக்கும்" என்றார் புரோக்கர். தனியார் பட்டா நிலம் அது. ஆறே வருடத்தில் மூன்று மாடி எழும்பி, யானையின் தலை மறைந்துவிட்டது. கட்டியவர் மேல் தப்பில்லை, அவர் மனையில் அவர் கட்டினார். 2010இல் இதே மலையில் சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் வந்தபோது சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் போராடித் தடுத்தார்கள். மலைக்காக அப்படிப் போராடலாம், என் மாடியிலிருந்து அது தெரிய வேண்டும் என்று யாரிடம் போய்க் கேட்பது? 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, வீட்டுக்குள் 20 வருடம் தடையில்லாமல் வந்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை கோர வழி உண்டு. காட்சிக்கு அப்படிக் கிடையாது.

பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் என்றால் கதையே வேறு. தமிழ்நாட்டில் லேஅவுட் 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) என்பது அதுதான். பெங்களூரில் பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு மாற்றிக் கொடுத்தபோது அங்கே குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

எங்கள் லேஅவுட்டிலும் ஒரு மூலையில் அப்படி ஓர் இடம், சீமைக் கருவேலம் மண்டி, யாரோ இறக்கிய ஜல்லியோடு கிடந்தது. ஊராட்சியில் மனு கொடுத்து, நாங்களே சேர்ந்து சுத்தம் செய்து புங்கன் கன்று வைத்தோம். கிரிக்கெட் பிள்ளைகள் இப்போது அங்கேதான்.

அதனால் ஒப்புதல் பெற்ற வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். எதிர் இடத்தில் 'பூங்கா' என்று இருந்து, தானப் பத்திரமும் பதிவாகியிருந்தால் யோசிக்காமல் கூடுதல் விலை கொடுங்கள். எதிரே வெறும் காலி மனை என்றால், நீங்கள் வாங்கும் மனைக்கும் மற்ற மனைகளின் விலைதான்.