இரவு ஒன்பது மணிக்கு மேல் பிள்ளைகள் தெருவில் இருக்கக் கூடாது என்று நகராட்சி மன்றம் உத்தரவிட முடியுமா?

கேள்வி: தருமபுரி - கிருஷ்ணகிரி வட்டாரத்து நகராட்சி ஒன்றில், பேருந்து நிலையத்துக்கு அருகே இரவு நேர இட்லிக் கடை நடத்தி வருகிறேன். என் மகனுக்குப் பதினேழு வயது. நீட் பயிற்சி வகுப்பு முடிந்து இரவு ஒன்பதே முக்காலுக்கு என் ஸ்கூட்டரில் கடைக்கு வந்து, கடை சாத்தும் வரை எனக்கு உதவியாக இருப்பான். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை பெற்றோர் துணையின்றிப் பொது இடங்களில் இருக்கக் கூடாது என்று அடுத்த மன்றக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள். முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை பெற்றோருக்கு ரூ.1,000 அபராதம், மூன்றாம் முறை குடிநீர் இணைப்பைத் துண்டிப்பது, கடை உரிமத்தை ரத்து செய்வது என்றும் அதில் இருக்கிறதாம். கஞ்சா, பைக் ரேஸ் தொல்லைக்கு இதுதான் வழி, அமெரிக்காவிலேயே இந்தச் சட்டம் இருக்கிறது என்கிறார் எங்கள் வார்டு உறுப்பினர். இது செல்லுமா? போலீசார் என் மகனைப் பிடித்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் வடிவத்தில் இத்தீர்மானம் செல்லாது. உறுப்பினர்கள் அனைவரும் ஒருமனதாகக் கையெழுத்திட்டாலும் செல்லாது. ஏனெனில் குறை வாக்கு எண்ணிக்கையில் இல்லை, அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் அதே மன்றம், 'இரவு நேரத்தில் சிறுவர்களின் பாதுகாப்புக்குத் தக்க நடவடிக்கை எடுக்குமாறு மாவட்ட ஆட்சியரையும் காவல் கண்காணிப்பாளரையும் கேட்டுக்கொள்கிறோம்' என்று தீர்மானம் போட்டால் அதில் தவறு காண முடியாது. கோரிக்கை வைப்பது யாருக்கும் உள்ள உரிமை. அதனால் உங்கள் மகனை எதுவும் கட்டுப்படுத்தாது. ஆகவே தீர்மானத்தின் வாசகத்தை எழுத்தில் பார்க்காமல், பிறர் சொல்லக் கேட்டதை வைத்து எந்த நடவடிக்கையிலும் இறங்க வேண்டாம்.

நகராட்சிக்குத் தனக்கென்று பிறவி அதிகாரம் எதுவும் இல்லை. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி சேர்க்கப்பட்ட 243-டபிள்யூ பிரிவும் பன்னிரண்டாம் அட்டவணையும் எந்தெந்தப் பொருள்களில் நகராட்சிகளுக்கு மாநிலச் சட்டமன்றம் அதிகாரம் தரலாம் என்று பதினெட்டு இனங்களைக் குறிப்பிடுகின்றன. நகரமைப்பு, சாலைகள், குடிநீர், பொதுச் சுகாதாரம், பூங்கா, விளையாட்டு மைதானம், தெருவிளக்கு, சுடுகாடு, இறைச்சிக் கூடம் என்று போகும் அந்தப் பட்டியலில் பொது ஒழுங்கும் இல்லை, காவலும் இல்லை. அவ்விரண்டும் ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் முதல் இரண்டு இனங்களாக மாநிலத்தின் கையிலேயே இருக்கின்றன. நம் மாநிலத்தில் 1920ஆம் ஆண்டின் பழைய மாவட்ட நகராட்சிகள் சட்டத்துக்குப் பதிலாக, 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறையில் உள்ளது. அச்சட்டம் ஒப்படைத்த பொருள்களில், அது வகுத்த நடைமுறைப்படி துணை விதிகள் இயற்றலாம். அந்த எல்லைக்கு வெளியே மன்றம் எதைச் செய்தாலும் அது காகிதத்தோடு நிற்கும். பூங்காவை இரவு எட்டு மணிக்குப் பூட்டுவதும் நகராட்சி வணிக வளாகத்தின் மாடிப்படியை அடைப்பதும் மன்றத்தின் உரிமை, ஏனெனில் அவை அதன் சொத்துகள். ஊரின் தெருக்களில் யார் எந்த வயதில் எத்தனை மணிக்கு நடக்கலாம் என்பது அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

இந்திய நிலப்பரப்பெங்கும் தடையின்றி நடமாடும் உரிமையை அரசியலமைப்பின் 19(1)(ஈ) பிரிவு 'எல்லாக் குடிமக்களுக்கும்' தருகிறது. பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை. பொதுமக்கள் நலன் கருதி அந்த உரிமைக்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்க 19(5) இடம் தருகிறது என்றாலும், அந்தக் கட்டுப்பாடு ஒரு சட்டத்தின் வழியாகவே வர வேண்டும். துணை விதியும் சட்டம் என்ற சொல்லில் அடங்கும் என்று மன்றத் தரப்பில் வாதிடலாம். தாய்ச் சட்டம் இடம் கொடுத்திருந்தால் அடங்கும், கொடுக்காதபோது அடங்காது. கரக் சிங் வழக்கில் (1962), கண்காணிப்பில் உள்ளவர் வீட்டுக்கு இரவில் போலீசார் சென்று சோதிக்க வழிசெய்த உத்தரப் பிரதேசக் காவல் ஒழுங்குமுறை விதியை, அதற்குச் சட்டத்தின் பின்புலம் இல்லை என்பதால் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அரசின் காவல் துறைக்கே அந்த நிலை என்றால் நகராட்சியின் வெறும் தீர்மானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேலும் தனியுரிமையும் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2017ஆம் ஆண்டின் புட்டசாமி தீர்ப்புக்குப் பிறகு, தனிமனித உரிமையைக் குறைக்கும் எந்த நடவடிக்கையும் அதன் நோக்கத்துக்குப் பொருத்தமான அளவில் இருக்கிறதா, இதைவிடக் குறைந்த தொந்தரவில் அதே பயன் கிடைக்காதா என்ற சோதனையையும் தாண்டியாக வேண்டும். பத்துப் பேர் பைக் ஓட்டிப் பந்தயம் விடுகிறார்கள் என்பதற்காக ஊரில் உள்ள எல்லாச் சிறுவர் சிறுமியரையும் எட்டு மணி நேரம் வீட்டுக்குள் வைப்பது அந்தச் சோதனையில் தேறும் என்று நான் நினைக்கவில்லை.

நம் பகுதியின் இரவு வாழ்க்கையை எண்ணிப் பார்த்தாலே இது விளங்கும். திரௌபதி அம்மன் திருவிழாவில் தெருக்கூத்து விடிய விடிய நடக்கிறது. பார்ப்பவர்களில் பாதிப் பேர் பிள்ளைகள். பெங்களூருவிலிருந்து வரும் பேருந்து தாமதமானால் விடுதி மாணவர்கள் நள்ளிரவில்தான் வந்து இறங்குகிறார்கள். ஓசூர்த் தொழிற்சாலைகளில் தந்தையும் தாயும் இரவு ஷிப்டுக்குப் போகும் வீடுகளில், தாத்தாவுக்கு மருந்து வாங்கப் போகும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு எந்தப் பெற்றோர் துணைக்கு வருவார்? இத்தகைய விதிவிலக்கு ஒன்றுகூடத் தீர்மானத்தில் இல்லையென்றால், அதை எழுதியவர்கள் அவசரத்தில் எழுதியிருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும்.

அபராதத்துக்கு வருவோம். ஒரு செயலைக் குற்றம் என்று சட்டம் அறிவிக்காதபோது அதற்குத் தண்டம் விதிக்க ஆணையாளருக்கும் அதிகாரமில்லை, மன்றத்துக்கும் அதிகாரமில்லை. குடிநீர் இணைப்பைத் துண்டிப்பது இதைவிட மோசமான யோசனை. கட்டண நிலுவைக்காகவும் முறைகேடான இணைப்புக்காகவும் எடுக்க வேண்டிய நடவடிக்கையை, தொடர்பே இல்லாத வேறொரு காரணத்துக்குத் தண்டனையாகப் பயன்படுத்துவது அதிகாரத் துஷ்பிரயோகம். மாசற்ற நீரைப் பெறுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சுபாஷ் குமார் வழக்கிலேயே (1991) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடை உரிமமும் அப்படித்தான்: கடையின் சுத்தம், உணவின் தரம், நடைபாதை ஆக்கிரமிப்பு போன்றவற்றுக்காக நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்டு நடவடிக்கை எடுக்கலாமே தவிர, உங்கள் மகன் எத்தனை மணிக்குத் தெருவில் நடந்தான் என்பதற்காக எடுக்க முடியாது.

நகராட்சியால் முடியாததை ஆட்சியர் செய்யலாமே என்று கேட்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163ஆவது பிரிவு, பலருக்கும் பழக்கமான பழைய 144ஆவது பிரிவு, மாவட்ட நடுவராகிய ஆட்சியருக்கும் கோட்ட நடுவருக்கும் உடனடித் தடையுத்தரவு பிறப்பிக்கும் அதிகாரத்தைத் தருகிறது. அந்த உத்தரவு இரண்டு மாதம் வரைதான் செல்லும். அதற்கு மேல் ஆறு மாதம் வரை நீட்டிக்க மாநில அரசு ஆணையிட வேண்டும். பொதுவான இளைஞர் ஒழுக்கத்துக்காக ஆண்டுக்கணக்கில் ஓட்ட வேண்டிய ஏற்பாடு அல்ல அது. மது லிமாயி வழக்கில் (1970) ஏழு நீதிபதிகள் அமர்வு அப்பிரிவைச் செல்லுமென்று சொன்னது அவசர நிலைமைக்கான அதிகாரம் என்ற அடிப்படையில்தான். காரணங்களை எழுத்தில் தந்து உத்தரவை வெளியிட வேண்டும், திரும்பத் திரும்ப அதே உத்தரவைப் போட்டு நீட்டிப்பது துஷ்பிரயோகம் என்று அனுராதா பாசின் தீர்ப்பு (2020) சொல்லிவிட்டது. கொரோனா காலத்தில் இரவு ஊரடங்கு இருந்ததே என்று கூட்டத்தில் யாராவது எழுந்து சொல்லக்கூடும். அதை விதித்தது நகராட்சி அல்ல, மாநில அரசு; அதுவும் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ்.

அமெரிக்காவைப் பற்றி உங்கள் உறுப்பினர் சொன்னது பாதி உண்மை. அங்கே பல நகரங்களில் சிறார் ஊரடங்குச் சட்டங்கள் உண்டு; நகர மன்றத்துக்கே சொந்தமாகக் காவல் துறையும் குற்றங்களை வரையறுத்துச் சட்டமியற்றும் அதிகாரமும் இருப்பதால் அது அங்கு இயலுகிறது. அப்படியிருந்தும் சான்டியாகோ நகரின் சட்டத்தை 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாதென்றது, வாஷிங்டன் நகரின் சட்டத்தை 1999இல் வேறொரு நீதிமன்றம் ஏற்றது, டெக்சஸ் மாநிலமோ 2023இல் தன் நகராட்சிகள் இத்தகைய ஊரடங்கைப் போடவே கூடாதென்று தடுத்துவிட்டது. அவ்வளவு தூரம் போவானேன், பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களை இரவு 11 மணிக்கு மேல் திரையரங்குகளில் அனுமதிக்கக் கூடாதென்று 2025 ஜனவரியில் தெலங்கானா உயர் நீதிமன்றம் இட்ட இடைக்காலக் கட்டுப்பாடே மார்ச்சில் விலக்கிக்கொள்ளப்பட்டது.

இனி உங்கள் மகன் விஷயம். ரோந்துப் போலீசார் நிறுத்திப் பெயரும் முகவரியும் எங்கிருந்து வருகிறான் என்பதும் கேட்டால், மரியாதையாகப் பதில் சொல்லட்டும். பயிற்சி மைய அடையாள அட்டையைப் பையில் வைத்திருப்பது நல்லது. இரவில் தெருவில் இருந்தான் என்பது மட்டும் காரணமாகக் காவல் நிலையத்தில் உட்காரவைக்கவோ, தோப்புக்கரணம் போடவைக்கவோ, கைப்பேசியைப் பறித்துப் பார்க்கவோ யாருக்கும் உரிமையில்லை. ஏதேனும் குற்றச்சாட்டின் பேரில் பிடித்தாலும், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி உடனே குழந்தைகள் நலக் காவல் அலுவலரிடமோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ ஒப்படைத்து, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். லாக்கப்பில் வைப்பதை அச்சட்டத்தின் 10ஆவது பிரிவு அடியோடு தடுக்கிறது. சிக்கல் ஏற்பட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். பணம் கேட்டால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று குறிப்பிட்ட ரசீதைக் கேளுங்கள், அது வராது. 163ஆவது பிரிவின் கீழ் உண்மையாகவே ஆட்சியர் உத்தரவு இருந்து, அதை மீறியதாகச் சொன்னாலும், உத்தரவிட்ட அதிகாரி எழுத்துமூலம் நீதிமன்றத்தில் முறையிட்டால்தான் வழக்கு நடக்கும். போலீசார் தாமாக முதல் தகவல் அறிக்கை பதிய முடியாதென்று அரசு அதிகாரியின் உத்தரவை மீறுவதைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆவது பிரிவைப் பற்றி ஜீவானந்தம் வழக்கில் (2018) சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. மன்றத்தின் தீர்மானத்தைவிட உங்களுக்குப் பெரிய ஆபத்து அந்த ஸ்கூட்டர்தான். பதினெட்டு வயதாகாத மகனிடம் வண்டியைக் கொடுத்து அவன் போக்குவரத்துக் குற்றம் செய்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவு உரிமையாளராகவும் பெற்றோராகவும் உங்களையே குற்றவாளியாகக் கருதும்: மூன்று ஆண்டு வரை சிறை, ரூ.25,000 அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. இருபத்தைந்து வயதாகும் வரை அவனுக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. அங்கே 'என் மகன் படிப்பிலிருந்து வருகிறான்' என்ற வாதம் எடுபடாது. நாளையிலிருந்தே அவனைப் பேருந்திலோ சைக்கிளிலோ வரச் சொல்லுங்கள்.

கூட்டத்துக்கு முன்பாக ஆணையாளருக்கு ஆட்சேபணை மனு கொடுங்கள். நகராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் நகல் அனுப்புங்கள். மேற்சொன்ன வழக்குகளை எல்லாம் அதில் அடுக்க வேண்டாம். இந்தப் பொருள் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் மன்றத்தில் வைக்கப்படுகிறது என்ற ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டாலே போதும். பதில் எழுதும் பொறுப்பு ஆணையாளருக்கு வந்துவிட்டால் பொருள் நிரலின் வாசகம் பெரும்பாலும் தானாகவே மாறிவிடும் என்பது என் அனுபவம். வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டம் நடந்தால் அங்கேயும் பேசுங்கள். பைக் ரேஸுக்கும் போதைப்பொருளுக்கும் எதிராக நகராட்சி செய்யக் கூடியவற்றை மனுவில் சேர்த்தால் உங்களை எதிர்ப்பாளர் என்று ஒதுக்க முடியாது: எரியாத தெருவிளக்குகளைச் சரிசெய்வது, பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கும் கடைகளைப் பற்றிப் போலீசாருக்குத் தகவல் தருவது, விளையாட்டு மைதானத்தை இரவு எட்டு, ஒன்பது மணி வரை விளக்குடன் திறந்துவைப்பது. சிறுவருக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவு ஏழு ஆண்டு வரை கடுங்காவல் வைத்திருக்கிறது. விற்பவனை விட்டுவிட்டு வாங்கும் பிள்ளையை வீட்டில் பூட்டுவது என்ன நியாயம் என்று கேளுங்கள்.

அதையும் மீறித் தீர்மானம் நிறைவேறினால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தீர்மான நகலைக் கேளுங்கள்; முப்பது நாளுக்குள் தர வேண்டும். வரம்பு மீறிய தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதால், நகராட்சி நிர்வாகத் துறைக்கும் ஆட்சியருக்கும் அந்த நகலுடன் மனு அனுப்பலாம். பலனில்லை என்றால் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. நம் இரு மாவட்டங்களுக்கும் சென்னையில் உள்ள உயர் நீதிமன்றமே வரம்பு, மதுரைக் கிளை அல்ல. வெறும் பொருள் நிரலை வைத்து இப்போதே உயர் நீதிமன்றம் போவதை நான் விரும்பவில்லை. காலத்துக்கு முந்திய வழக்கு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் உதவியைத் தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரிலோ, 15100 என்ற எண்ணிலோ அணுகலாம். போகும்போது ஆட்சேபணை மனுவின் நகலையும், அதைப் பெற்றுக்கொண்டதற்கு நகராட்சி முத்திரையும் தேதியும் இட்டுத் தந்த ஒப்புகையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.