பிறந்த அன்றே ஆட்டிசம் தெரியுமா? கேள்வி பதில்

கொங்கு வட்டாரப் பெற்றோரும் செவிலியரும் கேட்டவற்றுக்குக் குழந்தை வளர்ச்சி மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

கோபிசெட்டிபாளையம்: ஏனுங் டாக்டரம்மா, எங்கண்ணன் பையனுக்கு ஆட்டிசமுங்க. எனக்கு இப்ப ஏழு மாசம். பொறந்ததுமே பார்த்துச் சொல்ற டெஸ்ட் இருக்குதுங்களா?

பதில்: இல்லைங்க அம்மிணி. ரத்தம், தொப்புள்கொடி, நஞ்சுக்கொடி, முடி, ஸ்கேன், எதை வைத்தும் பிறந்த குழந்தைக்கு ஆட்டிசம் உண்டு, இல்லை என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. கூடப் பிறந்த பிள்ளைக்கு இருந்தால் அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. அண்ணன் பிள்ளை என்றால் அதைவிட வெகு குறைவு. அந்தப் பையனுக்கு மரபணுப் பரிசோதனை செய்திருந்தால் ரிப்போர்ட்டை வாங்கிப் பாருங்கள். ஃப்ராஜைல் எக்ஸ் (எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுக் கோளாறு) என்று இருந்தால் பதற வேண்டாம். ஆண் பிள்ளைக்கு எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்துதான் வரும். அது அண்ணி வழி. ஆனால் அண்ணியே உங்கள் மாமன் மகளோ அத்தை மகளோ என்றால் கணக்கு மாறும். அப்போது மரபணு ஆலோசகரிடம் போங்கள்.

ஈரோடு, லேப் டெக்னீஷியன்: 2013-ல் யேல் பல்கலைக்கழகத்தில் நஞ்சுக்கொடியைப் பார்த்தே 96.7 சதவீதம் சொல்லிவிட்டார்களே? நாம் நஞ்சுக்கொடியை மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டு அனுப்பிவிடுகிறோம்.

பதில்: நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். யேலில் ஹார்வி கிளிமன் குழு பார்த்தது டிரோஃபோபிளாஸ்ட் உள்மடிப்புகளை. நஞ்சுக்கொடியின் விரல் போன்ற நுனிகள் வளரும்போது அவற்றைப் போர்த்தியிருக்கும் டிரோஃபோபிளாஸ்ட் செல்கள் உள்ளே மடிந்து சிக்கிக்கொள்ளும். குரோமோசோம் கோளாறுள்ள கருக்களில் இது அதிகம் என்பது முன்பே தெரிந்த சேதி. ஏற்கெனவே ஆட்டிசப் பிள்ளை உள்ள குடும்பங்களின் 117 நஞ்சுக்கொடிகளையும், மற்றக் குடும்பங்களின் 100 நஞ்சுக்கொடிகளையும் ஒப்பிட்டார்கள். முதல் பிரிவில் சிலவற்றில் 15 மடிப்பு வரை இருந்தது. இரண்டாவதில் எதிலும் இரண்டைத் தாண்டவில்லை.

இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். அந்த 96.7 சதவீதம், நஞ்சுக்கொடி “ஆபத்துள்ள குடும்பத்தைச்” சேர்ந்தது என்பதற்கான நிகழ்தகவு. குழந்தைக்கு ஆட்டிசம் என்பதற்கானது அல்ல. அந்தக் குடும்பங்களில் அடுத்துப் பிறக்கும் ஐந்து பிள்ளைகளில் நான்கு பேருக்கு ஆட்டிசம் வராது. இன்னொன்று: நான்கு மடிப்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று எல்லை வைத்தால், ஆபத்துக் குடும்பத்து நஞ்சுக்கொடிகளில் 19 சதவீதம்தான் சிக்கின. மீதி நழுவிவிட்டன.

ஈரோடு, மறுபடியும்: சரிங்க, ஆனால் 90 சதவீதம் துல்லியமான டெஸ்ட் நாளைக்கு வந்தால்கூட வேண்டாம் என்பீர்களா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். நூற்றில் ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் என்று வைத்துக்கொள்வோம். 10,000 பிரசவத்தில் 100 பேர். டெஸ்ட் 90 பேரைப் பிடிக்கும். மீதி 9,900 பேரில் பத்து சதவீதம், அதாவது 990 பேருக்குத் தவறாக “இருக்கிறது” என்று சொல்லும். மொத்தம் 1,080 வீடுகளில் இடி விழும். உண்மையில் ஆட்டிசம் உள்ளது 90 வீட்டில். பன்னிரண்டில் ஒன்று.

ஈரோடு: ஆட்டிசப் பிள்ளை உள்ள வீட்டில் மட்டும் செய்தால்?

பதில்: உங்கள் வாதம் அங்கே வலுக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 100 குழந்தைகளில் 20 பேருக்கு வரும் என்றால் 18 பேர் சரியாகவும் 8 பேர் தவறாகவும் சிக்குவார்கள். 26-ல் 18, மோசமில்லை. ஆனால் அந்த வீட்டுக் குழந்தையை டெஸ்ட் இல்லாமலேயே முதல் மாதத்திலிருந்து கூர்ந்து கவனிக்கத்தானே போகிறோம்?

ஈரோடு: அப்படின்னா ஆராய்ச்சியே வேண்டாங்கறீங்களா?

பதில்: நிச்சயமாக வேண்டும். பெற்றோர் சம்மதத்தோடும் நெறிமுறைக் குழு அனுமதியோடும் நஞ்சுக்கொடித் துண்டுகளை 10 சதவீத ஃபார்மலினில் வைத்து, குழந்தைக்கு மூன்று வயதாகும் வரை தொடருங்கள். அதுதான் பதில் தரும் ஆராய்ச்சி. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், செவித்திறனுக்காக எடுத்திருந்த சுமார் 1.39 லட்சம் பச்சிளங்குழந்தைகளின் ஏ.பி.ஆர் (ஒலிக்கு மூளைத்தண்டு பதிலளிப்பதை அளக்கும் சோதனை) பதிவுகளைப் பின்னாளில் புரட்டினார்கள். ஆட்டிசம் என்று பிறகு உறுதியான 321 பேரிடம் மூளைத்தண்டு ஒலிக்குச் சற்றுத் தாமதமாகப் பதிலளித்திருந்தது. வெளியான ஆண்டு 2021. தனி ஒருவருக்குத் தீர்ப்புச் சொல்ல அது போதாது. ஆனாலும் ஏற்கெனவே செய்கிற சோதனையிலிருந்தே தடயம் தேடியது எனக்கு மிகப் பிடித்த வழி.

பொள்ளாச்சி: முடியை அனுப்பினால் சொல்கிறார்களாமே?

பதில்: முடிச் சோதனை முடிவை மட்டும் வைத்துச் சிகிச்சையைத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

திருப்பூர்: தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தால் ஆட்டிசம் வந்தாலும் குணப்படுத்தலாம் என்று பிரசவத்துக்கு முன்னாலேயே ஃபோன் செய்கிறார்கள்.

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 180 குழந்தைகளிடம் சோதித்து 2020-ல் முடிவை வெளியிட்டது. முதன்மையாக அளந்த சமூகத் தொடர்புத் திறனில், தொப்புள்கொடி ரத்தம் பெற்றவர்களுக்கும் மருந்தற்ற ஊசி பெற்றவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பொதுவாகவே சொல்கிறேன்: விலைப்பட்டியலோடு தேடி வருகிற எந்த ஆட்டிசச் சோதனைக்கும் சிகிச்சைக்கும் உடனே தலையாட்டாதீர்கள்.

கரூர், செவிலியர்: குதிகால் ரத்தம் எடுக்கிறோம், அதில் ஆட்டிசம் தெரியாது என்றால் எதற்கு?

பதில்: அதில் தெரிவது தைராய்டு சுரப்புக் குறையும், புரதத்திலுள்ள ஒரு பொருளை உடலால் சிதைக்க முடியாத ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறையும். இரண்டுமே கண்டுகொள்ளாமல் விட்டால் மூளை வளர்ச்சியைக் கெடுப்பவை, சீக்கிரம் பிடித்தால் தடுக்கக்கூடியவை. பிறந்து 48 முதல் 72 மணிக்குள் எடுங்கள். முதல் நாளில் டி.எஸ்.எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இயல்பாகவே ஏறி நிற்கும். அன்று எடுத்தால் நல்ல குழந்தையையும் நோயாளி ஆக்கிவிடும். முதல் சொட்டைத் துடைத்துவிடுங்கள். அட்டையிலுள்ள வட்டத்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் நிரப்புங்கள். சொட்டின் மேல் சொட்டு வைத்தால் அளவு கூடிக் காட்டும். அட்டையைப் படுக்கவைத்து, நிழலில், குறைந்தது மூன்று மணி நேரம் உலரவிடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டால் மாதிரி வீண்.

சேலம்: பிறந்தவுடன் மூளை ஸ்கேன் எடுத்தால் தெரியுமா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

தாராபுரம்: ஸ்கேனில் தெரியுமா டாக்டர்?

பதில்: இதே கேள்வி இப்போதுதான் வந்தது. 2017-ல் மூளை மேற்பரப்பின் வளர்ச்சியை அளந்த ஆய்வு 6, 12 மாத வயதில் எடுத்த எம்.ஆர்.ஐ-யை வைத்தது, அதுவும் ஆட்டிசப் பிள்ளையுள்ள குடும்பங்களில். பிறந்த அன்று அல்ல.

பல்லடம்: தடுப்பூசியால்தானே வருகிறது?

பதில்: இல்லை. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள், எம்.எம்.ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) போட்டதால் ஆட்டிசம் கூடவில்லை. ஊசியைத் தவறவிடாதீர்கள்.

நாமக்கல்: 31 வாரத்தில் பொறந்த பையனுங்க, என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்தான். ஓஏஇ காது சோதனையில பாஸ். போதுங்களா?

பதில்: போதாதுங்க. உட்செவி வேலை செய்தாலே ஓஏஇ பாஸ் காட்டும். நரம்பில் உள்ள கோளாறு அதற்குத் தெரியாது. என்ஐசியு குழந்தைக்கு ஏ.பி.ஆர் அவசியம். பால் குடித்துத் தூங்கும் நேரத்தில் எடுங்கள். அழுதால் பதிவு கெடும். குறை மாதத்தில் பிறந்தவர்களுக்கு ஆட்டிச வாய்ப்பும் சற்றுக் கூடுதல். அதனால் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிரசவத்துக்குக் குறித்த நாளிலிருந்து எண்ணிப் பாருங்கள்: 9 மாதத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, 12 மாதத்தில் கைகாட்டி டாட்டா சொல்கிறானா, 16 மாதத்தில் ஒரு சொல்லாவது வருகிறதா. வந்த திறன் எந்த வயதில் நின்றாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். 16 மாதத்திலிருந்து 30 மாதம் வரை எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியல் இருக்கிறது. 3 முதல் 7 மதிப்பெண் வந்தால் தொடர் கேள்விகள், 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேராக மதிப்பீடு. காது சோதனை முடிவும், என்ஐசியு டிஸ்சார்ஜ் சீட்டும் கையில் இருக்கட்டும்.